மாணவர் பக்கத்து வரைபில் ஒரு புள்ளி

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்தில் உயர்தரப் பரீட்சையின் இணைந்த கணிதப் பாடத்துக்கான மாதிரி வினாக்களும் விடைகளும் வந்திருந்தன. அதில் ஒரு விகிதமுறு சார்பின், அதாவது ஒரு கோவையை இன்னொரு கோவையால் வகுத்து வரும் சார்பின், வரைபு பிழையாகக் கீறப்பட்டிருக்கிறது. அதைத் திருத்தி மறுபடி வெளியிட வேண்டும் என்று கேட்டே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். ஒரு வரித் திருத்தமாகவும் அனுப்பியிருக்கலாம். ஆனால் 31 வருடம் இந்தப் பாடத்தைக் கற்பித்தவள் நான். இதே பிழையை எத்தனையோ கொப்பிகளில் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறேன். அது எங்கிருந்து வருகிறது என்பதையும் சொன்னால்தான் திருத்தம் பிள்ளைகளுக்கு உதவும்.

எங்கள் அடுத்த வளவில் ஒரு பிள்ளை இருக்கிறாள். இந்த முறை உயர்தரம் எழுதுகிறாள். உங்கள் மாணவர் பக்கத்தை வாராவாரம் வெட்டி ஒரு ஃபைலில் ஒட்டி வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அந்த ஃபைலோடு வந்து, "ரீச்சர், நான் கீறினது பேப்பரில இருக்கிறதோட ஒத்துவருதில்லை. எனக்கு எங்க பிழைச்சது எண்டு பாருங்கோ" என்றாள். பார்த்தேன். அவள் கீறியது சரி, பேப்பரில் இருந்ததுதான் பிழை. ஆனால் என்னிடம் வருவதற்கு முன்பே அவள் தன்னுடைய வரைபில் பாதியை அழிறப்பரால் அழித்துவிட்டாள். தாளில் அந்தக் கோடு மங்கலாகத்தான் தெரிந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

வினாவை முதலில் சொல்லிவிடுகிறேன். அடுக்குக்குறிகள் அச்சில் சிறுத்து விழுந்துபோவது உண்டு என்பதால் சார்பைக் காரணிகளாகவே தருகிறேன். மேலே, அதாவது தொகுதியில், (எக்ஸ் − 2)(எக்ஸ் − 3). கீழே, பகுதியில், (எக்ஸ் − 2)(எக்ஸ் + 2). அணுகுகோடுகளை, அதாவது வரைபு நெருங்கிக்கொண்டே போகும் கோடுகளை, காட்டி வரைபைப் பரும்படியாக வரைக என்று கேட்டிருந்தீர்கள்.

உங்கள் விடையில் பகுதியைப் பூச்சியமாக்கும் பெறுமானங்கள் 2, −2 என்று கண்டிருக்கிறார்கள். அது சரி. அந்த இரண்டு இடத்திலும் சார்புக்குப் பெறுமானம் இல்லை. அதுவும் சரி. அடுத்த வரியில், ஆகவே எக்ஸ் = 2, எக்ஸ் = −2 இரண்டும் நிலைக்குத்து அணுகுகோடுகள் என்று எழுதியிருக்கிறார்கள். அங்கேதான் வழி தவறிவிட்டது. ஓரிடத்தில் பெறுமானம் இல்லை என்பது ஒரு செய்தி. அந்த இடத்தை நெருங்கும்போது வரைபு முடிவிலிக்கு ஓடுகிறது என்பது வேறொரு செய்தி. முதலாவது உண்மை என்பதால் இரண்டாவதும் உண்மையாகிவிடாது. இரண்டாவதைத் தனியே பார்த்துத்தான் ஆகவேண்டும்.

பார்ப்பது கஷ்டமே இல்லை. −2 க்குப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். எக்ஸ் −2.1 என்றால் சார்பின் பெறுமானம் 51. −2.01 என்றால் 501. மற்றப் பக்கத்தில் −1.9 என்றால் −49, −1.99 என்றால் −499. நெருங்க நெருங்க ஒரு பக்கத்தில் மேலே ஏறுகிறது, மறுபக்கத்தில் கீழே இறங்குகிறது. ஆகவே இங்கே அணுகுகோடு இருக்கிறது. இப்போது 2 க்குப் பக்கத்தில். 1.9 இல் −0.282. 1.99 இல் −0.2531. மற்றப் பக்கம் 2.01 இல் −0.2469. 2.1 இல் −0.2195. எங்கும் ஓடவில்லை. இரு பக்கமிருந்தும் −0.25 ஐ நோக்கி அமைதியாக வந்து சேர்கிறது. 2 இல் மட்டும் பெறுமானம் இல்லை. (2, −1/4) என்ற அந்த ஒற்றைப் புள்ளியை எடுத்துவிட்ட மாதிரி. அதைத்தான் வகுப்பில் ஓட்டை என்று சொல்லுவோம். கீறும்போது அந்த இடத்தில் ஒரு சிறு வெறும் வட்டம் போடவேண்டும்.

காரணம் காரணிகளிலேயே தெரிகிறது. (எக்ஸ் − 2) மேலேயும் இருக்கிறது, கீழேயும் இருக்கிறது. பகுதி பூச்சியத்தை நோக்கிப் போகும் அதே வேகத்தில் தொகுதியும் போகிறது. கீழே சிறுப்பதை மேலே சிறுப்பது ஈடுசெய்துவிடுகிறது. −2 இல் அப்படி இல்லை. கீழே பூச்சியமாகும்போது மேலே 20 நிற்கிறது. 20 ஐப் பூச்சியத்துக்குக் கிட்டிய எண்ணால் வகுத்தால் விடை பெருகத்தான் செய்யும்.

மேலும் கீழும் உள்ள (எக்ஸ் − 2) ஐ வெட்டிய பிறகு மிஞ்சுவது (எக்ஸ் − 3)/(எக்ஸ் + 2). இதை 1 இலிருந்து 5/(எக்ஸ் + 2) ஐக் கழித்ததாக எழுதலாம். அப்படி எழுதினால் முழு வரைபும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்: (−2, 1) ஐ மையமாகக் கொண்ட செவ்வக அதிபரவளைவு, அதாவது செங்குத்தான இரு அணுகுகோடுகளை நெருங்கும் இரு கிளை வளைகோடு. அதில் ஒரு புள்ளி மட்டும் இல்லை. கிடை அணுகுகோடு வை = 1. அதை உங்கள் விடையிலும் சரியாகக் கொடுத்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் விடை தயாரித்தவர் கவனித்திருக்கலாம். உங்கள் படத்தில் நடுத் துண்டு −2 இன் வலப்பக்கத்தில் அடியிலிருந்து எழும்பி, 2 ஐ நெருங்கும்போது மறுபடி அடிக்குப் பாய்கிறது. எழும்பிய கோடு இறங்க வேண்டுமென்றால் இடையில் எங்கோ திரும்பவேண்டும். ஆனால் அதே விடையில் மூன்று வரி மேலே, பெறுதி, அதாவது வரைபின் சாய்வு, எப்போதும் நேர், திரும்பற்புள்ளிகள் இல்லை என்று எழுதியிருக்கிறது. எழுத்தில் இருப்பது சரி, படம்தான் அதற்கு மாறாக நிற்கிறது. எழுதியதையும் கீறியதையும் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இந்தப் பிழை அச்சுக்குப் போயிருக்காது. என் வகுப்பில் நான் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்ததும் இதுதான்: வரைபைக் கீறி முடித்த பிறகு மேலே எழுதிய ஒவ்வொரு வரியையும் அந்தப் படம் ஒப்புக்கொள்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

சரி, ஒரு புள்ளிதானே, அதற்கு ஏன் இவ்வளவு என்று சிலர் நினைக்கலாம். பரீட்சையில் இந்த வினா வரைபோடு முடிவதில்லை. முதலாம் வினாத்தாளின் இரண்டாம் பகுதியில், பெரும்பாலும் 14ஆம் வினாவாக, இந்த வகை வரைபு வருகிறது. வினாவுக்கு 150 புள்ளி. கீறிய பிறகு, சார்பு = கே என்ற சமன்பாட்டுக்கு எத்தனை தீர்வுகள் என்ற மாதிரி ஒரு கேள்வி தொடர்ந்து வருவதுண்டு. இந்தச் சார்பிலேயே கே = −1/4 என்று கேட்டால் என்ன விடை? வெட்டிய வடிவத்தை வைத்துத் தீர்த்தால் எக்ஸ் = 2 என்று வரும். அழகான முழு எண், பிள்ளை சந்தோஷமாகக் கோடிட்டு முடிப்பாள். ஆனால் 2 சார்பின் ஆட்சியிலேயே, அதாவது எக்ஸ் எடுக்கக்கூடிய பெறுமானங்களிலேயே, இல்லை. சரியான விடை, தீர்வு இல்லை என்பதுதான். ஓட்டையைப் போட்ட பிள்ளை படத்தைப் பார்த்தே இதைச் சொல்லிவிடுவாள். வீச்சை, அதாவது சார்பு எடுக்கும் பெறுமானங்களை, கேட்டாலும் அப்படியே: 1 உம் −1/4 உம் தவிர்ந்த எல்லா மெய்யெண்களும். 1 இல்லாமற்போவது அணுகுகோட்டினால். −1/4 இல்லாமற்போவது ஓட்டையினால்.

இந்த இடத்தில் பிள்ளைகள் இரண்டு விதமாகப் பிழைக்கிறார்கள். ஒரு சாரார் காரணிப்படுத்தாமல் பகுதியை மட்டும் பார்த்து, பூச்சியம் வரும் இடமெல்லாம் அணுகுகோடு போட்டுவிடுவார்கள். உங்கள் பக்கத்தில் நடந்தது அது. மற்றச் சாரார் கண்டவுடன் வெட்டிவிட்டு, வெட்டியதை மறந்துவிடுவார்கள். இரண்டாவதுதான் அதிகம். வெட்டும்போது பக்கத்தில் "எக்ஸ் ≠ 2" என்று எழுதவேண்டும். எழுத ஐந்து விநாடி போதும். நான் அதை எழுதாத விடைக்கு வகுப்புப் பரீட்சையில் புள்ளி குறைப்பேன். சில பெற்றோர் வந்து முறையிட்டதும் உண்டு. நான் மாற்றவில்லை.

இங்கே ஒரு நுணுக்கமும் இருக்கிறது. மேலும் கீழும் ஒரே காரணி இருந்தால் எப்போதும் ஓட்டைதான் என்று பாடமாக்கிவிடக் கூடாது. கீழே (எக்ஸ் − 2) இரண்டு தடவை, மேலே ஒரு தடவை என்றால், வெட்டிய பிறகும் கீழே ஒன்று மிஞ்சும். அப்போது அது அணுகுகோடுதான். மிஞ்சுவது ஒற்றைத் தடவை என்றால் வரைபு ஒரு பக்கம் மேலேயும் மறுபக்கம் கீழேயும் போகும். இரட்டைத் தடவை என்றால் இரண்டு பக்கமும் ஒரே திசையில் போகும்.

அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு நான் விளங்கப்படுத்தியதும் அவள் கைத்தொலைபேசியை எடுத்தாள். வரைபு கீறும் செயலியில் சார்பை அடித்துக் காட்டி, "ஓட்டை ஒண்டையும் காணேல்லையே ரீச்சர்" என்றாள். நியாயமான கேள்வி. திரையில் கோடு 2 ஐத் தாண்டி வழவழவென்று போனது. ஒரு புள்ளிக்கு அகலம் கிடையாது. திரையின் மிகச் சிறிய பொட்டுக்கும் ஓர் அகலம் உண்டு. இல்லாத ஒற்றைப் புள்ளியை அந்தக் கோடு மூடிக்கொண்டு போய்விடும். எவ்வளவு பெருப்பித்துப் பார்த்தாலும் இதே கதைதான். சார்பில் எக்ஸ் க்கு 2 ஐப் பிரதியிடச் சொன்னேன். பிரதியிட்டாள். பெறுமானம் வரையறுக்கப்படவில்லை என்று வந்தது. கண்ணுக்குத் தெரியாததைக் கணக்கு காட்டியது. அந்த முகத்தில் வந்த வெளிச்சத்துக்காகத்தான் நான் இவ்வளவு காலம் வெண்கட்டி பிடித்தேன்.

ஓட்டை என்பது பரீட்சைக்காகச் செய்துவைத்த தந்திரம் என்று பிள்ளைகள் எண்ணிவிடக் கூடாது என்பதிலும் எனக்குக் கவலை உண்டு. வகையீடு முழுவதும் ஓட்டையின் மேல்தான் நிற்கிறது. எக்ஸ் வர்க்கத்தின் வரைபில் எக்ஸ் = 3 இல் சாய்வு என்ன என்று கேட்டால், எக்ஸ் வர்க்கத்திலிருந்து 9 ஐக் கழித்து (எக்ஸ் − 3) ஆல் வகுக்கிறோம். 3 இல் மேலேயும் பூச்சியம், கீழேயும் பூச்சியம். வரைபு நேர்கோடு, அதில் (3, 6) இல் ஓர் ஓட்டை. அந்த ஓட்டை இருக்கும் உயரம் 6 தான் நாம் தேடிய சாய்வு. வரைவிலக்கணத்திலிருந்து பெறுதி காணும் ஒவ்வொரு முறையும் ஒரு பிள்ளை செய்வது இப்படி ஓர் ஓட்டையின் உயரத்தை அளப்பதுதான். எல்லை என்ற பாடமும் வரைபு என்ற பாடமும் இங்கே ஒன்றையொன்று சந்திக்கின்றன. புத்தகத்தில் தனித்தனி அலகுகளாக இருப்பதால் வகுப்பிலும் அவை சந்திக்காமலே போய்விடுகின்றன.

இனி, என்னுடைய பிழையையும் சொல்லவேண்டும். 1993 ஆக இருக்கவேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெயும் திரியும் வைத்த விளக்கில்தான் பிள்ளைகள் இரவில் படித்தார்கள். வரைபுத்தாள் கிடைக்காது. பழைய கொப்பிகளில் மிஞ்சிய பக்கங்களில் அடிமட்டத்தால் இரண்டு அச்சுகளைக் கீறி, அதிலேயே வரைவோம். நிறையப் புள்ளிகளைக் குறித்து இணைக்கத் தாளும் இல்லை, வெளிச்சமும் இல்லை. அதனால் குறைந்த புள்ளிகளோடு யோசித்துக் கீறுவதை நன்றாகவே பழகினோம். அதற்காக அந்தக் காலத்தை நல்ல காலம் என்று சொல்லமாட்டேன்.

அப்போது நான் வகுப்பில் ஒரு வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்: அணுகுகோட்டை வரைபு ஒருபோதும் தொடாது. எனக்கும் அப்படித்தான் படிப்பித்திருந்தார்கள். ஒரு நாள் (எக்ஸ் − 1) ஐ எக்ஸ் வர்க்கத்தால் வகுக்கும் சார்பைக் கீறக் கொடுத்தேன். கெட்டிக்காரப் பையன் ஒருவன் கொப்பியைக் கொண்டுவந்தான். எக்ஸ் = 1 இல் அச்சை வெட்டும் புள்ளியைச் சரியாகக் குறித்து, பிறகு அழித்திருந்தான். ஏன் அழித்தாய் என்று கேட்டேன். "கிடை அணுகுகோடு எக்ஸ் அச்சு எண்டு வந்தது ரீச்சர். அதைத் தொடக்கூடாது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்" என்றான்.

அவன் கண்டது சரி. அந்த வரைபு எக்ஸ் = 1 இல் தன் கிடை அணுகுகோட்டை வெட்டிக்கொண்டு மேலே போகிறது. எக்ஸ் = 2 இல் 1/4 என்ற உயரத்தில் திரும்புகிறது. பிறகுதான் மெல்ல இறங்கி அச்சை நெருங்குகிறது: 10 இல் 0.09, 100 இல் 0.0099. கிடை அணுகுகோடு சொல்வது வெகு தூரத்தில் என்ன நடக்கிறது என்பதை மட்டும். நடுவழியில் வரைபு அதை ஒருமுறையோ பலமுறையோ வெட்டலாம். அதற்குத் தடையே இல்லை. எந்த விகிதமுறு சார்பின் வரைபும் ஒருபோதும் தொடாதது என்று சொல்லக்கூடியது நிலைக்குத்து அணுகுகோட்டை மட்டும்தான், அதுவும் அந்த இடத்தில் சார்புக்குப் பெறுமானமே இல்லாதபடியால். இரண்டுக்கும் ஒரே வசனத்தைச் சொல்லிக் கொடுத்தவள் நான். அடுத்த நாள் வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் அந்த வசனத்தைத் திரும்பப் பெற்றேன். ஆனாலும் அதற்கு முதல் வருடங்களில் படித்துப் போன பிள்ளைகளுக்கு யார் போய்ச் சொல்வது? அழிறப்பர் தேய்த்த அந்தப் பக்கம் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை அடுத்த வீட்டுப் பிள்ளையின் தாளைப் பார்த்தபோது அதுதான் மறுபடி நினைவுக்கு வந்தது.

இந்தக் குழப்பத்தில் சொல்லுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. அப்பலோனியஸ் அதிபரவளைவைப் பற்றி எழுதியபோது பயன்படுத்திய கிரேக்கச் சொல்லுக்கு ஒன்றோடொன்று சேராதது என்று பொருள். அதிபரவளைவுக்கு அது பொருந்தும், அது தன் அணுகுகோடுகளை எங்கும் வெட்டுவதில்லை. அதே சொல்லைப் பிற்காலத்தில் எல்லா வளைகோடுகளுக்கும் விரித்தபோது பழைய பொருளும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்களில் தொலைத்தொடுகோடு என்கிறார்கள். தொலைவைச் சொல்வதில் அந்தச் சொல் நல்லது, ஆனால் தொடும் என்கிறது. எங்களுடைய அணுகுகோடு தொடும் என்றும் சொல்லவில்லை, தொடாது என்றும் சொல்லவில்லை. நெருங்கும் என்று மட்டும் சொல்கிறது. எனக்கு இதுதான் பிடிக்கும். நல்ல சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு தொடாது என்று நாங்களாகவே சேர்த்துச் சொல்லவேண்டியதில்லை.

கிடை அணுகுகோட்டைக் காண்பதற்கு மேலேயும் கீழேயும் உள்ள மிக உயர்ந்த படிகளை ஒப்பிட்டால் போதும். கீழே உள்ள படி பெரிது என்றால் எக்ஸ் அச்சு, சமம் என்றால் முதற் குணகங்களின் விகிதம். மேலே உள்ள படி ஒன்றால் மட்டும் பெரிது என்றால் வகுத்துப் பார்க்கவேண்டும். ஈவாக வரும் நேர்கோடு சாய்வான அணுகுகோடு. இதை எல்லா ஆசிரியர்களும் நன்றாகவே படிப்பிக்கிறார்கள், நான் நீட்டவில்லை.

பௌதிகவியல் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். குவிவு வில்லைப் பாடத்தில் பொருட்தூரத்தையும் விம்பத்தூரத்தையும் வைத்து ஒரு வரைபு கீறிக் காட்டுங்கள். குவியத்தூரம் 10 சென்ரிமீற்றர் என்று எடுத்தால், பொருள் 20 இல் இருக்கும்போது விம்பமும் 20 இல். 11 க்குக் கொண்டுவந்தால் விம்பம் 110 க்குப் போகிறது. 10 இல் விம்பமே இல்லை, கதிர்கள் சமாந்தரமாகப் போய்விடுகின்றன. 9 இல் வைத்தால் விம்பம் பொருள் இருக்கும் பக்கத்திலேயே 90 சென்ரிமீற்றரில் மாய விம்பமாக வருகிறது. பொருளை வெகுதூரம் கொண்டுபோனால் விம்பம் 10 ஐ நெருங்குகிறது. நிலைக்குத்து அணுகுகோடும் கிடை அணுகுகோடும் ஒரே பரிசோதனையில் கிடைத்துவிடுகின்றன. ஒரு வில்லையும் மெழுகுதிரியும் வெள்ளைத் தாளும் இருந்தால் போதும். மெழுகுதிரியை 10 க்குக் கிட்டக் கொண்டுவரக் கொண்டுவர, தாளைப் பின்னுக்குப் பின்னுக்குக் கொண்டுபோகும் பிள்ளை கடைசியில் சுவரில் முட்டி நிற்பாள். அணுகுகோடு என்றால் என்ன என்று அவளுக்குப் பிறகு நான் சொல்லத் தேவையில்லை.

இப்போது சில ரியூசன் வகுப்புகளில் இந்த வினாவுக்கென்று நாலைந்து படங்களைப் பாடமாக்கக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். வினாவைப் பார்த்ததும் இது எந்தப் படம் என்று தெரிவுசெய்து கீறவேண்டுமாம். பிள்ளைகளுக்கு நேரமில்லை, பாடத்திட்டம் பெரிது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் கேட்கும்போது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. பாடமாக்கிய படங்களில் ஓட்டை இருக்காது. வரைபு அணுகுகோட்டை வெட்டும் இடமும் இருக்காது. காரணிப்படுத்து, வெட்டும்போது நிபந்தனையை எழுது, மிஞ்சிய பகுதியின் பூச்சியங்களைப் பார், அச்சுகளை வெட்டும் இடங்களைக் குறி, பெறுதியின் குறியைப் பார், பிறகு கீறு. இதை 10 சார்புகளுக்குத் தானாகச் செய்த பிள்ளைக்குப் படம் எதுவும் பாடமாக்கத் தேவைப்படாது.

உங்கள் பக்கத்தைத் தயாரிப்பவர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. வாராவாரம் வினா உருவாக்கி விடையும் எழுதுவது எவ்வளவு வேலை என்று எனக்குத் தெரியும். ரியூசனுக்குப் போக வசதியில்லாத பிள்ளைகள் அந்தப் பக்கத்தை நம்பிப் படிக்கிறார்கள். அதனாலேயே திருத்தம் அடுத்த வாரமே, அதே பக்கத்தில், அதே அளவில் வரவேண்டும் என்று கேட்கிறேன். எங்கோ ஒரு மூலையில் சிறிய எழுத்தில் போட்டால், வெட்டி ஒட்டும் பிள்ளையின் கண்ணில் படாது.

சரியான வரைபை வெள்ளைத் தாளில் கையால் கீறி இத்துடன் வைத்திருக்கிறேன். நிலைக்குத்து அணுகுகோடு எக்ஸ் = −2 இல் ஒன்று மட்டும். கிடை அணுகுகோடு வை = 1. எக்ஸ் அச்சை 3 இலும் வை அச்சை −3/2 இலும் வெட்டுகிறது. (2, −1/4) இல் வெறும் வட்டம். படத்தைச் சிறுப்பிக்கும்போது அந்த வட்டத்தைக் கொஞ்சம் பெரிதாகவே விடச் சொல்லுங்கள். அச்சில் மை ஊறி உள்ளே நிரம்பிவிட்டால் அது கரும்புள்ளி ஆகிவிடும். கரும்புள்ளி என்றால் அந்தப் புள்ளி வரைபில் உண்டு என்று பொருள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இணைந்த கணித ஆசிரியை,
பருத்தித்துறை.